ஜனாதிபதியின் கணக்கைத் திருத்திய பெண்மணி

அமெரிக்க மந்திரி சபையில் இடம்பெற்ற முதல் பெண் பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் வரலாறு

ஒரு நாட்டின் ஜனாதிபதி ஒரு கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கு தவறு என்று, அதே நாட்டில் ஒரு மாநில அதிகாரி பகிரங்கமாக அறிவித்தார். அறிவித்தவர் ஒரு பெண். இது நடந்தது 1930-ஆம் ஆண்டில்.

அது பணக் கணக்கு அல்ல. வேலை இழந்து தெருவில் நின்ற மனிதர்களின் கணக்கு.

அந்தப் பெண்மணியின் பெயர் பிரான்சிஸ் பெர்க்கின்ஸ். பின்னாளில் அவர் அமெரிக்காவின் தொழில் மந்திரி ஆனார். முதியோர் பென்ஷன், வேலை இழந்தவர்களுக்கு உதவிப் பணம், குறைந்தபட்சக் கூலி ஆகிய சட்டங்கள் அந்த நாட்டில் வருவதற்குப் பெரும் காரணமாக இருந்தவர் அவரே.

இளமைப் பருவம்

பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் 1880-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பாஸ்டன் நகரில் பிறந்தார். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் பானி. பெரியவளான பிறகு அவரே அதை பிரான்சிஸ் என்று மாற்றிக்கொண்டார்.

தந்தை வூஸ்டர் என்ற ஊரில் காகிதம், பேனா, நோட்டுப் புத்தகம் விற்கும் கடை வைத்திருந்தார். நடுத்தரக் குடும்பம். சோற்றுக்குப் பஞ்சம் இல்லை.

பெண்களைக் கல்லூரிக்கு அனுப்புவது அபூர்வமாக இருந்த காலம் அது. ஆனாலும் தந்தை மகளை மௌண்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரிக்கு அனுப்பினார். அங்கே அவர் ரசாயனமும் பௌதிகமும் படித்தார்.

அவருடைய வாழ்க்கையை மாற்றியது ரசாயனப் பாடம் அல்ல, சரித்திரப் பாடம். சரித்திர ஆசிரியை அன்னா மே சோல், மாணவிகளைப் பக்கத்து ஊர்களில் இருந்த தொழிற்சாலைகளுக்கு அனுப்பினார். அங்கே வேலை செய்கிறவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று நேரில் பார்த்து எழுதி வரச் சொன்னார்.

பெர்க்கின்ஸ் போனார், பார்த்தார். பெண்களும் சிறுவர்களும் இயந்திரங்களின் முன் நாள் முழுவதும் நின்றார்கள். கையை இழந்தவனுக்கு நஷ்ட ஈடு கிடையாது. நோயில் விழுந்தவனுக்குக் கூலி கிடையாது.

சோம்பேறிகளும் குடிகாரர்களும்தான் ஏழைகளாக இருக்கிறார்கள் என்று வீட்டில் பெரியவர்கள் பேசுவதை அவர் கேட்டிருந்தார். அது உண்மை அல்ல என்று அன்று கண்ணால் கண்டார். பார்த்ததை எழுத வேண்டும், எண்ணிக் கணக்காக எழுத வேண்டும் என்ற பழக்கமும் அன்று ஏற்பட்டது.

1902-இல் அவர் பட்டம் பெற்றார். சிறிது காலம் ஆசிரியையாக இருந்தார். சிக்காகோவில் ஏழைகளுக்காக நடந்த ஹல் ஹவுஸ் என்ற சேவை இல்லத்தில் ஓய்வு நேரத்தில் தொண்டு செய்தார். பிறகு நியூயார்க் வந்து, கொலம்பியா பல்கலைக் கழகத்தில் 1910-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். சரியான உணவு இல்லாமல் வாடிய குழந்தைகளைப் பற்றி அவர் ஆராய்ச்சி செய்தார். அதே ஆண்டில் நியூயார்க் நுகர்வோர் சங்கத்தின் செயலாளர் ஆனார்.

கண்ணால் கண்ட தீ

1911-ஆம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி. சனிக்கிழமை மாலை.

பெர்க்கின்ஸ் ஒரு சிநேகிதி வீட்டில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். தெருவில் தீயணைக்கும் வண்டியின் மணி கேட்டது. கூச்சல் கேட்டது. எழுந்து ஓடினார்.

பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் மாடிகள் எரிந்துகொண்டிருந்தன. அங்கே இருந்தது டிரையாங்கிள் என்ற ரவிக்கைத் தொழிற்சாலை. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். வெளிநாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. தீயணைப்புப் படையின் ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது. நெருப்பு முதுகைச் சுட, பெண்கள் ஜன்னல் வழியே குதித்தார்கள். கீழே விரித்த வலைகள் கிழிந்தன.

மாண்டவர்கள் 146 பேர். அவர்களில் 123 பேர் பெண்கள்.

தெருவில் நின்று பெர்க்கின்ஸ் இதை எல்லாம் பார்த்தார். அவருக்கு அப்போது வயது 30. அந்தக் காட்சியை அவர் சாகும் வரை மறக்கவில்லை.

தலைவர்களை அழைத்துப் போனார்

தீ விபத்துக்குப் பிறகு, மாநிலம் முழுவதும் உள்ள தொழிற்சாலைகளைச் சோதிக்க ஒரு கமிஷன் அமைக்கப்பட்டது. சட்டசபைத் தலைவர்களான ராபர்ட் வாக்னரும் ஆல் ஸ்மித்தும் அதில் முக்கியமானவர்கள். விசாரணைக்கு பெர்க்கின்ஸ் உதவியாக இருந்தார்.

அந்தத் தலைவர்கள் அறிக்கைகளைப் படித்தால் மட்டும் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவர் நினைத்தார். விடியற்காலையில் அவர்களை எழுப்பி அழைத்துப் போனார். கயிறு ஆலையில் இரவு முழுவதும் உழைத்துவிட்டுப் பெண்கள் வெளியே வருவதை ஆல் ஸ்மித்துக்குக் காட்டினார். காய்கறிகளை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில், ஐந்து வயது, ஆறு வயதுக் குழந்தைகள் அவரை உரிக்கும் கொடுமையைக் காட்டினார்.

தீ விபத்து நேர்ந்தால் தப்பும் வழி என்று ஒரு தொழிற்சாலையில் சிறு துவாரம் ஒன்று இருந்தது. வாக்னரை அதற்குள் ஊர்ந்து போகச் சொன்னார். வெளியே பனி உறைந்த ஏணி ஒன்று பாதியில் தொங்கியது. வாக்னருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்த சில ஆண்டுகளில் நியூயார்க்கில் பல தொழிற்சாலைச் சட்டங்கள் நிறைவேறின. பூட்டிய கதவுகள் திறந்தன. தீயணைக்கும் சாதனங்கள் வந்தன. பெண்களின் வேலை நேரம் வாரத்துக்கு 54 மணி என்று 1912-இல் சட்டம் ஆயிற்று.

வீட்டிலே சோதனை

1913-இல் பெர்க்கின்ஸ், பால் வில்சன் என்ற பொருளாதார நிபுணரை மணந்தார். கல்யாணத்துக்குப் பிறகும் தம் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. 1916-இல் பெண் குழந்தை பிறந்தது.

ஆனால் அந்தக் குடும்ப சுகம் நீடிக்கவில்லை. சில ஆண்டுகளில் கணவருக்கு மனநோய் கண்டது. அடிக்கடி ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியதாயிற்று. குடும்பத்தைக் காப்பாற்றும் பொறுப்பு மனைவியின் தலைமேல் விழுந்தது.

வீட்டில் சம்பாதிக்கிறவர் ஒருவர், அவர் வேலையும் போனால் என்ன ஆகும் என்ற அச்சம் அவருக்குப் புத்தகத்தில் படித்த அச்சம் அல்ல. தம் துயரத்தை அவர் வெளியே சொன்னதும் இல்லை.

1919-இல் ஆல் ஸ்மித் நியூயார்க் கவர்னர் ஆனார். விடியற்காலையில் தம்மை எழுப்பி அழைத்துப் போன பெண்ணை அவர் மறக்கவில்லை. மாநிலத் தொழில் கமிஷனில் பெர்க்கின்ஸை நியமித்தார். ஆண்டுக்கு 8,000 டாலர் சம்பளம். அந்த மாநிலத்தில் பெண்களுக்கு வோட்டு உரிமை வந்தே இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பெண்ணுக்கு இவ்வளவு பெரிய பதவியா என்று பலர் முகம் சுளித்தார்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1929-இல், பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கவர்னர் ஆனார். அவர் பெர்க்கின்ஸை மாநிலத் தொழில் இலாகாவுக்கே தலைவர் ஆக்கினார்.

ஒரு சோறு பதம்

அப்போது அமெரிக்காவில் தொழில் மிகுந்த மாநிலம் நியூயார்க். துணி, தோல், இரும்பு, அச்சு என்று எல்லாத் தொழிலும் அங்கே உண்டு. அங்கே எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது என்பதை எப்படி அறிவது?

தொழிலாளர் நிலையைக் கணக்கு எடுப்பதற்கென்று அமெரிக்காவில் முதல் சர்க்கார் அலுவலகம் ஏற்பட்டது 1869-இல். ஏற்படுத்தியது பெர்க்கின்ஸ் பிறந்த மாசசூசெட்ஸ் மாநிலம். பிறகு மற்ற மாநிலங்களும், மத்திய சர்க்காரும் அதைப் பின்பற்றின.

நியூயார்க் தொழில் இலாகா 1914-லிருந்து மாதா மாதம் ஒரு கணக்கு எடுத்து வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குறிப்பிட்ட வாரத்தில் சம்பளப் பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்கள், மொத்தம் எவ்வளவு சம்பளம் கொடுக்கப்பட்டது என்று அந்தத் தொழிற்சாலைகள் எழுதி அனுப்பும்.

எல்லாத் தொழிற்சாலைகளையும் கேட்கத் தேவை இல்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் பதம் பார்க்கிறவர் மேலாக உள்ள சோற்றை மட்டும் எடுத்துப் பார்க்கக் கூடாது. பெரிய ஆலை, சிறிய பட்டறை, பல வகைத் தொழில் எல்லாம் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும். மாதா மாதம் அதே தொழிற்சாலைகளைக் கேட்க வேண்டும். அப்போதுதான் ஏற்றமும் இறக்கமும் சரியாகத் தெரியும்.

இன்னொரு விஷயமும் உண்டு. கிறிஸ்துமஸ் பண்டிகையின்போது பல ஆலைகள் மூடிக் கிடக்கும். ஜனவரியில் திறக்கும். அப்போது ஆட்கள் திரும்ப வருவது வழக்கம். முன் வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிட்டால், வேலை பெருகிவிட்டது போலத் தோன்றும். போன ஆண்டு ஜனவரியோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

எது உண்மை?

1929 அக்டோபரில் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்தது. ஆலைகள் ஆட்குறைப்புச் செய்தன. கடைகள் மூடின. வேலை இல்லாத் திண்டாட்டம் தொடங்கியது.

அப்போது அமெரிக்க ஜனாதிபதி ஹெர்பர்ட் ஹூவர். மக்களிடம் நம்பிக்கை வளர்ந்தால் வியாபாரம் தானே வளரும் என்று எண்ணியவர். 1930 ஜனவரியில் அவர் ஒரு நல்ல செய்தி வெளியிட்டார். வேலை வாய்ப்பு மறுபடி கூடத் தொடங்கிவிட்டது என்பதே அந்தச் செய்தி. மத்திய சர்க்காரின் வேலை வாய்ப்பு நிலையங்களிலிருந்து வந்த தகவலை ஆதாரமாகக் காட்டினார்கள். பத்திரிகைகள் அதைப் பெரிதாகப் போட்டன.

பெர்க்கின்ஸ் காலைப் பத்திரிகையில் அதைப் படித்தார். திடுக்கிட்டார். அவர் மேஜைமேல் இருந்த கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நியூயார்க் ஆலைகளில் ஆட்களின் எண்ணிக்கை அக்டோபரிலிருந்து இறங்கிக்கொண்டே வந்தது.

நல்ல செய்தி சொன்னால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். வேலை தேடி நாள் முழுவதும் அலைந்து, வெறுங்கையோடு வீடு திரும்புகிற மனிதனை நினைத்துப் பாருங்கள். வேலை பெருகிவிட்டதாகப் பத்திரிகை சொல்கிறது. மனைவி அதைப் படிக்கிறாள். எல்லாருக்கும் வேலை கிடைக்கும்போது இவருக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை என்று அவள் எண்ணமாட்டாளா? பிள்ளைகள் எண்ணமாட்டார்களா? பசியோடு அவமானமும் சேரும். ஒரு தவறான கணக்கு, உழைக்கத் தயாராக இருக்கும் மனிதனை அவன் வீட்டிலேயே சோம்பேறி ஆக்கிவிடும்.

இதை பெர்க்கின்ஸால் பொறுக்க முடியவில்லை. தம் இலாகாவின் புள்ளி விவர நிபுணரோடு உட்கார்ந்து கணக்குகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். பிறகு பத்திரிகை நிருபர்களை அழைத்தார். ஜனாதிபதி சொன்னது சரி அல்ல, நிலைமை மோசமாகிக்கொண்டே போகிறது என்று புள்ளி விவரங்களோடு அறிவித்தார்.

நாடு முழுவதும் பரபரப்பு! ஒரு மாநிலத்தின் பெண் அதிகாரி ஜனாதிபதியை மறுத்துவிட்டார்!

பெர்க்கின்ஸுக்கு உள்ளூர ஒரு பயமும் இருந்தது. கவர்னர் ரூஸ்வெல்ட்டைக் கேட்காமல் அவர் இதைச் செய்துவிட்டார். கவர்னரிடமிருந்து டெலிபோன் வந்தது. முன்கூட்டிச் சொல்லாததற்கு பெர்க்கின்ஸ் வருத்தம் தெரிவித்தார். ஆனால் ரூஸ்வெல்ட் கோபிக்கவில்லை, பாராட்டினார். முன்னாலே கேட்டிருந்தால் ஒருவேளை வேண்டாம் என்று தடுத்திருப்பேன், கேட்காமல் செய்ததே நல்லது என்றும் சொன்னார்.

மாதங்கள் போகப் போக, பெர்க்கின்ஸ் சொன்னதே சரி என்று உலகம் கண்டுகொண்டது.

உண்மைக் கணக்குச் சொன்ன எல்லாருக்கும் இப்படிப் பாராட்டுக் கிடைத்துவிடவில்லை. மத்திய சர்க்காரின் தொழிலாளர் புள்ளி விவர இலாகாத் தலைவராக இருந்தவர் எதல்பர்ட் ஸ்டூவர்ட். மேலிடத்தார் சொன்ன நல்ல செய்தியோடு அவருடைய கணக்கு ஒத்துப்போகவில்லை. 1932-இல் அவர் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

மந்திரி பதவி

1933-இல் ரூஸ்வெல்ட் ஜனாதிபதி ஆனார். தொழில் மந்திரியாக இருக்கும்படி பெர்க்கின்ஸைக் கேட்டார்.

அவர் உடனே சம்மதிக்கவில்லை. ஒரு பட்டியலோடு போனார். வேலை இழந்தவர்களுக்கு நிவாரணம், வேலை நேரத்துக்கு வரம்பு, குறைந்தபட்சக் கூலி, வேலையின்மைக் காப்பீடு, முதியோர் பென்ஷன், குழந்தைகளை வேலைக்கு வைக்கத் தடை. இவற்றைச் செய்ய அனுமதி உண்டு என்றால் வருகிறேன் என்றார். ரூஸ்வெல்ட் ஒப்புக்கொண்டார்.

1933 மார்ச் 4-ந் தேதி அவர் பதவி ஏற்றார். அதுவரை அமெரிக்க மந்திரி சபையில் ஒரு பெண்ணும் இருந்தது இல்லை.

அப்போது நாட்டில் நான்கு தொழிலாளிகளில் ஒருவருக்கு வேலை இல்லை. ஏறக்குறைய 1 கோடியே 30 லட்சம் பேர் என்பது பின்னாளில் நிபுணர்கள் போட்ட மதிப்பு. அன்று சரியான எண்ணிக்கை யாருக்கும் தெரியாது. ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள்.

எத்தனை பேர் பட்டினி என்றே தெரியாமல் எத்தனை படி அரிசி வடிப்பது? ஆகவே கணக்கைச் சீர்திருத்துவது அவருடைய முதல் வேலைகளில் ஒன்றாயிற்று. புள்ளி விவர நிபுணர்களின் சங்கத்தை அழைத்து, தம் இலாகாவின் கணக்கு முறையில் உள்ள குறைகளைச் சொல்லும்படி கேட்டார். ஐசடார் லூபின் என்ற பொருளாதார நிபுணரைப் புள்ளி விவர இலாகாவுக்குத் தலைவர் ஆக்கினார்.

1934-இல் பெர்க்கின்ஸ் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அந்தக் குழுவின் உழைப்பால் 1935 ஆகஸ்ட் 14-ந் தேதி சமூகப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. முதுமையில் பென்ஷன், வேலை போனால் சில காலத்துக்கு உதவிப் பணம், ஆதரவற்ற குழந்தைகளுக்கு உதவி ஆகியவை அதில் அடங்கும்.

1938-இல் கூலிச் சட்டம் வந்தது. மணிக்கு 25 சென்ட்டுக்குக் குறைந்து கூலி கொடுக்கக் கூடாது. வார வேலை நேரம் 44 மணி; அது படிப்படியாக 40 மணி ஆகும். 16 வயது நிரம்பாத பிள்ளைகளை ஆலை வேலைக்கு வைக்கக் கூடாது.

இந்தச் சட்டங்களிலும் குறை இருந்தது. பண்ணைக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் அப்போது விடப்பட்டார்கள். அவர்களில் கறுப்பு மக்கள் அதிகம். அந்தக் குறை தீரப் பல ஆண்டுகள் ஆயின.

எதிர்ப்பும் ஏளனமும்

பெர்க்கின்ஸ் எப்போதும் கறுப்பு உடையும், மூன்று முனைத் தொப்பியும் அணிவார். பெண்ணை மதிக்காத ஆண்கள்கூடத் தாயை மதிப்பார்கள் என்று கண்டுகொண்டு, தாய்மார் போலவே உடுத்தினார். ஆனாலும் பத்திரிகைகள் கேலி செய்தன. முதலாளிகள் சிலர் வெறுத்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்கள் சிலரும் பெண் மந்திரியை விரும்பவில்லை.

துறைமுகத் தொழிலாளர் தலைவர் ஹாரி பிரிட்ஜஸை நாடு கடத்தவில்லை என்பதற்காக, 1939-இல் அவரைப் பதவியிலிருந்து நீக்க காங்கிரஸில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். சட்டத்தில் இடம் இல்லாததைச் செய்ய முடியாது என்று அவர் உறுதியாக நின்றார். தீர்மானம் கைவிடப்பட்டது.

பன்னிரண்டு ஆண்டுகள் அவர் மந்திரியாக இருந்தார். அந்தப் பதவியில் அவ்வளவு காலம் யாரும் இருந்தது இல்லை.

கடைசிக் காலம்

1945-இல் ரூஸ்வெல்ட் இறந்தார். அந்த ஆண்டே பெர்க்கின்ஸ் மந்திரி பதவியை விட்டார். பிறகு சில ஆண்டுகள் சிவில் சர்வீஸ் கமிஷனில் வேலை பார்த்தார். 1952-இல் கணவர் காலமானார்.

முதுமையிலும் அவர் ஓயவில்லை. 1957 முதல் கார்னெல் பல்கலைக் கழகத்தில், தொழில் உறவுகள் பற்றிப் பாடம் சொன்னார். எண்பது வயதுப் பாட்டி, மாணவர்கள் தங்கும் விடுதியிலேயே ஓர் அறையில் குடியிருந்தார்!

1965-ஆம் ஆண்டு மே 14-ந் தேதி, 85-ஆம் வயதில், நியூயார்க் நகரில் பெர்க்கின்ஸ் காலமானார். மெய்ன் மாநிலத்தில், நியூகாஸில் என்ற ஊரில் கணவர் அருகே அடக்கம் செய்தார்கள். 1980-இல், வாஷிங்டனில் உள்ள தொழில் இலாகாவின் தலைமைக் கட்டடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. நியூகாஸிலில் உள்ள அவருடைய குடும்ப வீடு 2024-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

வேலை இல்லாதவர்களை எண்ணும் முறையும் அவர் காலத்திலிருந்து வளர்ந்துவிட்டது. 1937-இல் தபால்காரர்கள் வீடு வீடாக அட்டை கொடுத்து, வேலை இல்லாதவர்களைப் பதிந்துகொள்ளச் சொன்னார்கள். பலர் பதியவில்லை. 1940-லிருந்து, சில வீடுகளை மாதிரிக்காகப் பொறுக்கி எடுத்து, மாதா மாதம் நேரில் விசாரிக்கும் முறை வந்தது. இப்போது சுமார் 60,000 வீடுகளில் விசாரிக்கிறார்கள். கடந்த நான்கு வாரத்தில் வேலை தேடினீர்களா என்பது அந்த விசாரணையில் ஒரு முக்கியமான கேள்வி. தேடியும் கிடைக்காதவர், வேலை இல்லாதவர் என்று எண்ணப்படுகிறார்.

தேடியும் கிடைக்காதவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்லக் கூடாது. அதற்குத்தான் அந்தக் கணக்கு. அதை அதிகாரத்துக்காக மாற்றிச் சொல்லக் கூடாது என்பதற்காகவே பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் ஒரு ஜனாதிபதியை எதிர்த்து நின்றார்.